கரியமில வாயுவுக்குள் மின்சாரம் பாய்ச்சினால் என்ன கிடைக்கும்?

கார்பன் உள்ள எதை எரித்தாலும் கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுதான். நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு என்று எதை எடுத்துக்கொண்டாலும், அதில் இருக்கும் கார்பன் ஆக்சிஜனோடு சேர்ந்து, தன்னிடம் இருந்த ஆற்றலை வெப்பமாகக் கொடுத்துவிட்டு, கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடுகிறது. அதற்கு மேல் அதை எரிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாம்பலை மறுபடி விறகாக்க முடியுமா? முடியும். எரிந்தபோது வெளியே போன ஆற்றலைக் குறைந்தது அதே அளவுக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். செடிகொடிகள் வெயிலை வைத்து இந்த வேலையைச் செய்கின்றன. அதையே மின்சாரத்தை வைத்துச் செய்வது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஆற்றல் கணக்கை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்வது நல்லது. 'காற்றிலிருந்து எரிபொருள்' என்று செய்தி வரும்போதெல்லாம், கழிவிலிருந்து ஏதோ இலவசமாக ஆற்றல் கிடைப்பதுபோல ஒரு தோற்றம் உண்டாகிறது. அப்படி எதுவும் இல்லை. ஆற்றல் முழுவதும் மின்சாரத்திலிருந்து வருகிறது. கரியமில வாயு கொடுப்பது கார்பன் அணுவை மட்டும்தான்.

ஆனால் அந்தக் கார்பன் அணு லேசுப்பட்ட பொருளல்ல. பிளாஸ்டிக், சாயம், கரைப்பான், பசை, மருந்து என்று நம்மைச் சுற்றி இருப்பவற்றில் பலவும் கார்பன் சங்கிலிகளால் ஆனவை. அந்தக் கார்பன் இன்றைக்குப் பெரும்பாலும் கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் வருகிறது. காரை பேட்டரியில் ஓட்டலாம், அடுப்பை மின்சாரத்தில் எரியவிடலாம். பிளாஸ்டிக் வாளியை மின்சாரத்தால் மட்டும் செய்ய முடியாது, அதற்குக் கார்பன் வேண்டும். எண்ணெய்க் கிணற்றை விட்டுவிட்டால் அந்தக் கார்பனுக்கு எங்கே போவது? என்னைக் கேட்டால், இந்தத் தொழில்நுட்பத்தைக் கவனிக்க வேண்டியதற்கு முதல் காரணம் இதுதான். வானிலிருக்கும் கரியமில வாயுவைத் துடைத்தெடுப்பது இரண்டாம்பட்சம்.

வாயுவைப் பிடிப்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலக்கரி மின்நிலையப் புகையில் 10 முதல் 15 சதவீதம் வரை கரியமில வாயு இருக்கும். அமீன் வகைத் திரவங்களின் வழியே புகையைச் செலுத்தினால் அவை கரியமில வாயுவை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும். பிறகு திரவத்தைச் சூடாக்கினால் வாயு தனியாகப் பிரிந்து வரும். 1930 வாக்கிலேயே காப்புரிமை பெற்ற முறை இது. காற்றிலிருந்து நேரடியாகவும் பிடிக்கலாம், ஆனால் காற்றில் அது வெறும் 0.04 சதவீதம்தான் என்பதால் செலவு எகிறிவிடும். சாராயம் காய்ச்சும் ஆலைகளின் நொதிக்கும் தொட்டியிலிருந்து வருவதுதான் இருப்பதிலேயே சுத்தமானது, பிடிப்பதற்கும் சுலபமானது. சரி, எப்படியோ வாயு கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

வளைய மறுக்கும் மூலக்கூறு

கரியமில வாயு மூலக்கூறில் நடுவில் ஒரு கார்பன், இருபுறமும் ஒவ்வொரு ஆக்சிஜன். மூன்றும் ஒரே நேர்கோட்டில் விறைப்பாக நிற்கும். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள இரட்டைப் பிணைப்பு மிக வலுவானது. இதை வேறொன்றாக மாற்ற வேண்டுமானால் அதற்குள் எலக்ட்ரான்களைப் புகுத்த வேண்டும். முதல் எலக்ட்ரான் உள்ளே வந்ததும் மூலக்கூறு வளைந்தாக வேண்டும், அங்கேதான் தகராறு. கரைசலில் தனியாக நிற்கிற மூலக்கூறுக்குள் அந்த முதல் எலக்ட்ரானைத் தள்ள கிட்டத்தட்ட மைனஸ் 1.9 வோல்ட் தேவைப்படுகிறது. இது மிகப் பெரிய மேடு. மேட்டைத் தாண்டிவிட்டால் மற்ற படிகள் அவ்வளவு கடினமல்ல.

இந்த மேட்டைக் குறைப்பதற்குத்தான் வினையூக்கி. ஒரு உலோகப் பரப்பு, வளைந்த நிலையில் இருக்கும் அந்த மூலக்கூறைத் தன்மேல் ஒட்டவைத்துத் தாங்கிக்கொண்டால், எலக்ட்ரான் ஏறுவது எளிதாகிவிடும். எந்த உலோகம், எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கடைசியில் என்ன பொருள் வரும் என்பதே முடிவாகிறது. அதற்குள் போகுமுன் கருவியை ஒரு தடவை பார்த்துவிடலாம்.

கலத்துக்குள் நடப்பது

தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் பிரித்ததைப் பள்ளியில் படித்திருப்போம். ஏறக்குறைய அதே ஏற்பாடுதான் இதுவும். இரண்டு மின்வாய்கள், நடுவில் ஒரு சவ்வு, இருபக்கமும் பைகார்பனேட் போன்ற உப்பு கரைந்த தண்ணீர். நேர்மின்வாயில் தண்ணீர் உடைந்து ஆக்சிஜன் குமிழிகள் கிளம்பும். அந்த உடைப்பில் விடுபடும் எலக்ட்ரான்கள் வெளிக்கம்பி வழியாக எதிர்மின்வாய்க்குப் போய்ச் சேரும். அங்கே கரியமில வாயு காத்திருக்கும். எலக்ட்ரான்களையும், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனையும் வாங்கிக்கொண்டு அது உருமாறும். நடுவில் உள்ள சவ்வு அயனிகளை மட்டும் அக்கரைக்கு அனுப்பி, இரண்டு பக்கத்து வாயுக்களும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது. சாதாரண அறை வெப்பநிலை, சாதாரண அழுத்தம் போதும். இதுதான் இந்த முறையின் கவர்ச்சி: பெரிய உலை வேண்டாம், ராட்சத அழுத்தம் வேண்டாம், சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும்.

எத்தனை எலக்ட்ரான் ஏறுகிறது என்பதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. ஒரு மூலக்கூறில் இரண்டு எலக்ட்ரான் ஏறினால் கார்பன் மோனாக்சைடு அல்லது ஃபார்மிக் அமிலம். ஆறு ஏறினால் மெத்தனால். எட்டு ஏறினால் மீத்தேன். இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகள் சேர்ந்து பன்னிரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டால் எத்திலீன் அல்லது எத்தனால். இதில் எத்திலீன் மேல்தான் எல்லோருக்கும் கண், ஏனென்றால் பாலித்தீனுக்கு மூலப்பொருளே அதுதான். உலகம் முழுக்க ஆண்டுக்கு 15 கோடி டன்னுக்கு மேல் தயாராகிறது.

ஆனால் கலத்துக்குள் கரியமில வாயு மட்டும் இல்லை, தண்ணீரும் இருக்கிறது. தண்ணீருக்கும் எலக்ட்ரான் வேண்டும். அது எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு ஹைட்ரஜன் வாயுவாகக் கிளம்பிவிடும், அதுவும் மிகச் சுலபமாக. நாம் கஷ்டப்பட்டு அனுப்பும் எலக்ட்ரானில் ஒரு பகுதியைத் தண்ணீர் இப்படி வழிப்பறி செய்துவிடுகிறது. இந்தத் துறையில் வேலை செய்கிறவர்களின் பாதி உழைப்பு இந்தத் திருட்டைத் தடுப்பதிலேயே போகிறது.

செம்பின் தனிப்பிறவி

1985 வாக்கில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் யோஷியோ ஹோரியும் அவருடைய சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். ஒவ்வொரு உலோகமாக எடுத்து, ஒரே மாதிரியான பைகார்பனேட் கரைசலில் எதிர்மின்வாயாக வைத்து, என்ன வருகிறது என்று பொறுமையாக அளந்தார்கள். உலோகங்கள் தாமாகவே கூட்டம் கூட்டமாகப் பிரிந்தன. தங்கம், வெள்ளி, துத்தநாகம் ஆகியவை கார்பன் மோனாக்சைடு கொடுத்தன. வெள்ளீயம், ஈயம், இண்டியம் ஆகியவற்றில் ஃபார்மிக் அமிலத்தின் உப்பான ஃபார்மேட் வந்தது. பிளாட்டினம், இரும்பு, நிக்கல் போன்றவற்றில் பெரும்பாலும் ஹைட்ரஜன்தான், அதாவது எலக்ட்ரான் அத்தனையும் தண்ணீருக்குப் போயிற்று. செம்பு மட்டும் எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை. அதில் மீத்தேனும் எத்திலீனும் வந்தன.

காரணம் இப்போது ஓரளவு புரிந்திருக்கிறது. கரியமில வாயு முதலில் கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. வெள்ளிக்கு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசை இல்லை, உண்டானதும் விட்டுவிடுகிறது, அது வாயுவாக வெளியேறிவிடும். பிளாட்டினம் இதற்கு நேர்மாறு. இறுகப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. பரப்பு முழுக்க கார்பன் மோனாக்சைடு அப்பிக்கொண்டு, வேறு வேலை எதுவும் நடக்காமல் போய்விடும். செம்பின் பிடி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. போகவும் விடாது, செயலற்றுப் போகும் அளவுக்கு இறுக்கவும் செய்யாது. இப்படிப் பரப்பில் தங்கி நிற்கிற இரண்டு கார்பன் மோனாக்சைடுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கைகோத்துக்கொள்ளும். கார்பனுக்கும் கார்பனுக்கும் இடையே பிணைப்பு பிறப்பது அந்த இடத்தில்தான். வெள்ளீயத்தின் வழி வேறு: அது மூலக்கூறைக் கார்பன் பக்கமாகப் பிடிக்காமல் ஆக்சிஜன் பக்கமாகப் பிடிக்கிறது, அதனால் கார்பனில் ஹைட்ரஜன் வந்து ஒட்டி ஃபார்மேட் ஆகிவிடுகிறது.

செம்பிலேயே கூட, பரப்பில் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைப் பொறுத்து விளைவு மாறும். அணுக்கள் சதுரக் கட்டங்களாக நிற்கும் முகத்தில் எத்திலீன் அதிகமாக வரும். நெருக்கமான அறுகோண வரிசையில் நிற்கும் முகத்தில் மீத்தேன் பக்கம் சாய்வு. ஒரே உலோகம், ஒரே கரைசல், அடுக்கு மட்டும் வேறு.

ஆனால் செம்பிடம் ஒரு குறையும் இருக்கிறது, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். 2012இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுட்பமாக அளந்தபோது ஒரு செம்புத் தகட்டிலிருந்து 16 வெவ்வேறு பொருள்கள் வருவது தெரிந்தது. எத்திலீன், மீத்தேன், எத்தனால், புரோப்பனால், அசிட்டேட் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றைத் தனித்தனியாகப் பிரித்தெடுப்பதே ஒரு ஆலைக்குச் சமமான வேலை. எத்தனால் வேறு தண்ணீரில் கரைந்து நீர்த்துப்போய்க் கிடக்கும், அதைக் காய்ச்சி வடிப்பதற்குச் செலவாகும் ஆற்றல் தனி.

இன்னொரு சங்கடமும் உண்டு. கரைசலில் கண்ணுக்கே படாத அளவு இரும்போ ஈயமோ கலந்திருந்தால் போதும், அது மெதுவாக வந்து செம்பின் மேல் படிந்து, சில மணி நேரத்தில் எத்திலீன் தயாரிப்பை நிறுத்தி ஹைட்ரஜன் பக்கம் திருப்பிவிடும். உலோகம் பார்ப்பதற்கு அப்படியே செம்பு நிறத்தில்தான் இருக்கும். ஆரம்ப காலத்தில் ஆளுக்கு ஒரு முடிவு வந்ததற்கு இந்த அழுக்கும் ஒரு காரணம். இப்போது சோதனைக்கு முன்பே கரைசலில் வேறொரு மின்வாயை இறக்கி, சிறிது மின்சாரம் ஓட்டி, அந்த அழுக்கை அதன்மேல் படியவைத்து எடுத்துவிடுகிறார்கள்.

கரையாத வாயுவை என்ன செய்வது

ஆய்வகத்தில் சின்னக் கண்ணாடிக் கலத்தில் செய்தால் எல்லாம் அழகாக வரும். பெரிதாக்கப் பார்க்கும்போதுதான் முதல் சுவர் குறுக்கே நிற்கும். கரியமில வாயு தண்ணீரில் அதிகம் கரையாது. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை கிராம்தான். மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டினால் மின்வாய்க்கு அருகிலிருக்கும் வாயு தீர்ந்துபோகும், புதியது வந்து சேர நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்து ஹைட்ரஜனாக மாறிவிடும்.

இதற்கு வாயுப் பரவல் மின்வாய் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நுண்ணிய துளைகள் நிறைந்த கார்பன் தாள். அதன் ஒரு பக்கம் தண்ணீர் ஒட்டாமல் இருக்க டெஃப்லான் போன்ற பூச்சு, மறுபக்கம் வினையூக்கித் துகள்களின் மெல்லிய படலம். வாயு பின்பக்கத்திலிருந்து துளை வழியே வரும், கரைசல் முன்பக்கத்தில் நிற்கும், வினை இரண்டும் சந்திக்கும் மெல்லிய விளிம்பில் நடக்கும். வாயு நீண்ட தூரம் தண்ணீரில் நீந்த வேண்டியதில்லை. இந்த மாற்றத்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லி ஆம்பியர் என்று இருந்த மின்னோட்டம் பல நூறு மில்லி ஆம்பியருக்குப் போய்விட்டது. ஆலையளவில் யோசிக்கவேண்டுமானால் குறைந்தது 200 மில்லி ஆம்பியராவது வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அந்த அளவில் ஒரு சதுர மீட்டர் மின்வாய், எலக்ட்ரான் எதுவும் வீணாகாத பட்சத்தில், மணிக்கு ஒரு கிலோ போல கார்பன் மோனாக்சைடு கொடுக்கும். அதே பரப்பு, அதே மின்னோட்டம், எத்திலீன் என்றால் 175 கிராம்தான். ஆறு மடங்கு எலக்ட்ரான் தின்கிறதல்லவா.

துளைக்குள் தண்ணீர் ஏறிவிட்டால் கதை முடிந்தது. வாயுவுக்கு வழி அடைபடும், ஹைட்ரஜன் பொங்கும். நீண்ட நேரம் ஓட்டும்போது பூச்சு மெல்ல மெல்லத் தண்ணீரை விலக்கும் குணத்தை இழப்பது வழக்கம். இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

எதிர்மின்வாயில் ஒவ்வொரு எலக்ட்ரான் செலவாகும்போதும் ஒரு ஹைட்ராக்சைடு அயனி உண்டாகிறது. அதாவது அந்த இடம் காரமாகிக்கொண்டே போகும். காரம் உள்ள இடத்தில் கரியமில வாயு சும்மா இருக்காது. ஹைட்ராக்சைடோடு சேர்ந்து கார்பனேட் ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கார்பன் மோனாக்சைடு உண்டாக இரண்டு எலக்ட்ரான், ஆகவே இரண்டு ஹைட்ராக்சைடு. அந்த இரண்டும் சேர்ந்து இன்னொரு கரியமில வாயுவை விழுங்கிக் கார்பனேட் ஆக்கும். உள்ளே அனுப்பிய வாயுவில் பாதி இப்படியே போய்விடுகிறது. எத்திலீனுக்கு இன்னும் மோசம்: பன்னிரண்டு எலக்ட்ரானுக்குப் பன்னிரண்டு ஹைட்ராக்சைடு, அவை விழுங்குவது ஆறு கரியமில வாயு. உள்ளே போன எட்டில் இரண்டுதான் எத்திலீனாகிறது. மீதி முக்கால் பங்கு கார்பனேட்டாகச் சவ்வைக் கடந்து அக்கரைக்குப் போய், அங்கே மறுபடி கரியமில வாயுவாகி ஆக்சிஜனோடு கலந்து நிற்கும். பணம் செலவழித்துப் பிடித்த வாயுவை மறுபடி பணம் செலவழித்துப் பிரிக்க வேண்டும்.

போதாக்குறைக்கு, கரைசலில் உள்ள பொட்டாசியம் இந்தக் கார்பனேட்டோடு சேர்ந்து உப்பாகப் படியும். பல மணி நேரம் ஓடிய கலத்தைப் பிரித்துப் பார்த்தால் வாயு வரும் வழியில் வெள்ளை வெள்ளையாகப் படிகங்கள் அடைத்திருக்கும். அவ்வப்போது தண்ணீரால் கழுவிவிட்டு ஓட்டுவதும் உண்டு, ஆனால் அது தீர்வாகாது.

2021இல் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் சார்ஜன்ட்டின் குழு இதற்கு மாற்றாகக் கடுமையான அமிலக் கரைசலிலேயே இந்த வினையை நடத்திக் காட்டியது. அமிலத்தில் கார்பனேட் நிலைக்காது, உடனே கரியமில வாயுவாகத் திரும்பிவிடும், ஆகவே இழப்பு குறையும். ஆனால் அமிலத்தில் ஹைட்ரஜன் வருவதுதான் இன்னும் சுலபமாயிற்றே! அதற்குப் பொட்டாசியம் அயனிகளை மின்வாய்க்கு அருகே செறிவாக வைத்து ஒரு வழி கண்டார்கள். இன்னொரு யோசனை, வேலையை இரண்டு கலங்களாகப் பிரிப்பது. முதல் கலத்தில் கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாக்கி, இரண்டாவதில் அதை எத்திலீனாக்குவது. கார்பன் மோனாக்சைடு காரத்தோடு சண்டைக்குப் போகாது, அதனால் இரண்டாவது கலத்தில் கார்பனேட் தொல்லை இல்லை. எனக்கு இந்த இரண்டடுக்கு யோசனைதான் பிடித்திருக்கிறது. அதற்கு முதல் கலத்தை எப்படி அமைக்கலாம் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மின் கட்டணம்

ஒரு சோதனை எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று சொல்ல இரண்டு அளவைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். அனுப்பிய எலக்ட்ரான்களில் எத்தனை சதவீதம் நாம் கேட்ட பொருளுக்குப் போனது என்பது ஒன்று. மைக்கேல் ஃபாரடேயின் பெயரால் அதை ஃபாரடே திறன் என்பார்கள். ஆனால் ஃபாரடே திறன் 95 சதவீதம் என்றால் மின்சாரத்தில் 95 சதவீதம் பயன்பட்டது என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு எலக்ட்ரானையும் எவ்வளவு வோல்ட் கொடுத்துத் தள்ளினோம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆற்றல் திறன் தெரியும்.

கார்பன் மோனாக்சைடு செய்ய இயற்கை கேட்கும் குறைந்தபட்ச மின்னழுத்தம் 1.33 வோல்ட். நடைமுறையில் கலம் கேட்பது சுமார் 3 வோல்ட். மீதியெல்லாம் வினையை விரைவுபடுத்தவும், சவ்வின் தடையைத் தாண்டவும் செலவாகி வெப்பமாகப் போகிறது. எத்திலீனுக்குக் குறைந்தபட்சம் 1.15 வோல்ட்தான், ஆனால் கலம் கேட்பது அதே 3 வோல்ட் அல்லது அதற்கு மேல்.

இதை யூனிட்டாக மாற்றிப் பார்ப்போம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஒரு கிலோ எத்திலீனுக்கு, இயற்கையின் குறைந்தபட்சக் கணக்கில் 13 யூனிட் வேண்டும். 3 வோல்ட்டில் ஓட்டினால் 34 யூனிட். எலக்ட்ரான்களில் 60 சதவீதம் மட்டுமே எத்திலீனுக்குப் போகிறது என்று வைத்தால் 57 யூனிட். அந்த ஒரு கிலோ எத்திலீனுக்குள் போகும் கரியமில வாயு 3.1 கிலோ.

இப்போது அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருகிறது என்று வையுங்கள். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியே விடுகிறது. 57 கிலோ வெளியே விட்டு 3 கிலோவை உள்ளே இழுத்தால் அதற்கு என்ன பெயர்? வழக்கமான முறையில் எத்திலீன் செய்யும்போதும் கிலோவுக்கு 1 முதல் 2 கிலோ வரை கரியமில வாயு வருகிறது, அதைத் தவிர்க்கிறோம் என்று கழித்துக்கொண்டாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. யூனிட்டுக்குச் சில பத்து கிராம் மட்டும் வெளியிடும் மின்சாரம், அதாவது காற்றாலை, நீர்மின்சாரம், அணுமின்சாரம் போன்றவை கிடைத்தால் மட்டுமே கணக்கு நேராகும். எனவே இந்தத் துறையில் யார் எந்த அறிவிப்பு வெளியிட்டாலும் நான் முதலில் தேடுவது வினையூக்கியின் பெயரை அல்ல, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற வரியைத்தான். பல அறிக்கைகளில் அந்த வரியே இருப்பதில்லை.

செலவைக் குறைக்க ஒரு சாமர்த்தியமான வழி, நேர்மின்வாயைக் கவனிப்பது. கலத்துக்குள் போகும் ஆற்றலில் பெரும்பங்கைத் தின்பது அந்தப் பக்கத்தில் தண்ணீரை உடைத்து ஆக்சிஜன் எடுக்கும் வேலைதான். அந்த ஆக்சிஜனுக்குப் பெரிய விலையும் கிடையாது. அதற்குப் பதிலாக, பயோடீசல் ஆலைகளில் உபரியாக மிஞ்சும் கிளிசராலை அங்கே ஆக்சிஜனேற்றம் செய்தால் குறைந்த வோல்ட் போதும், அந்தப் பக்கமும் விற்கக்கூடிய பொருள் கிடைக்கும். ஆனால் உலகம் முழுவதும் கிடைக்கும் கிளிசரால் எவ்வளவு? பெரிய அளவில் போனால் அது போதாது. சின்ன ஆலைகளுக்குச் சரி.

சுற்றுவழியும் சூட்டுவழியும்

மின்சாரத்தை நேராகக் கரியமில வாயுவில் பாய்ச்சித்தான் ஆக வேண்டும் என்றில்லை. முதலில் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து, அந்த ஹைட்ரஜனைக் கரியமில வாயுவோடு உலையில் வினைபுரிய விடலாம். நிக்கல் வினையூக்கியில் இப்படி மீத்தேன் செய்யும் முறையைக் கண்டவர் பால் சபாட்டியே, 1912இல் நோபல் பரிசு பெற்றவர். செம்பும் துத்தநாகமும் கலந்த வினையூக்கியில், 200 டிகிரிக்கு மேல், பல பத்து மடங்கு அழுத்தத்தில் மெத்தனால் வரும். ஐஸ்லாந்தில் வேதியியலாளர் ஜார்ஜ் ஓலாவின் பெயரில் 2012இல் தொடங்கிய ஆலை இந்த வழியைத்தான் பின்பற்றியது. பக்கத்தில் உள்ள புவிவெப்ப மின்நிலையத்திலிருந்து கரியமில வாயு, ஐஸ்லாந்தின் நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும் கலந்த மின்கட்டமைப்பிலிருந்து மின்சாரம். மெத்தனாலைப் பொறுத்தவரை இந்தச் சுற்றுவழிதான் இன்றைக்கு முன்னால் நிற்கிறது. நேரடி மின்வழியில் மெத்தனாலைத் தனியாக, நல்ல அளவில் எடுப்பது இன்னும் கைகூடவில்லை. நேர்வழி எப்போதும் குறுக்குவழி ஆகிவிடாது.

சூட்டுவழி என்று இன்னொன்றும் இருக்கிறது. திரவக் கரைசலுக்குப் பதில் பீங்கான் போன்ற திண்மப் படலத்தை வைத்து, 700 முதல் 850 டிகிரி வரை சூடாக்கினால், ஆக்சிஜன் அயனிகள் அந்தப் பீங்கானுக்குள் புகுந்து நகரத் தொடங்கும். ஒரு பக்கம் கரியமில வாயுவை விட்டால் அது கார்பன் மோனாக்சைடாகும், உரிந்த ஆக்சிஜன் மறுபக்கம் போய் வாயுவாக வெளிவரும். தண்ணீரே இல்லாததால் ஹைட்ரஜன் திருட்டு இல்லை, கார்பனேட்டும் இல்லை. தேவைப்படும் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகவே கிடைத்துவிடுவதால் மின்சாரச் செலவும் குறைவு. மேலே சொன்ன இரண்டடுக்கு ஏற்பாட்டில் முதல் கலமாக இதைத்தான் வைக்க நினைக்கிறார்கள். அடிக்கடி அணைத்துப் போட்டால் பீங்கான் விரிசல் விட்டுவிடும் என்பது இதன் பலவீனம். வெயில் இருக்கும்போது மட்டும் ஓட்டலாம் என்ற திட்டத்துக்கு இது ஒத்துவராது.

இந்த வகைக் கலம் ஒன்று செவ்வாய்க் கிரகத்தில் வேலை செய்திருக்கிறது. நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் மாக்ஸி என்ற கருவியை வைத்து அனுப்பினார்கள். செவ்வாயின் மெல்லிய வளிமண்டலத்தில் 95 சதவீதம் கரியமில வாயு. மாக்ஸி அதை உறிஞ்சி அழுத்தி, 800 டிகிரிக்குச் சூடாக்கி உடைத்தது. 2021 ஏப்ரலில் முதல் முறை ஓடியபோது 5.4 கிராம் ஆக்சிஜன். 2023இல் வேலை முடிவதற்குள் 16 தடவை ஓடி மொத்தம் 122 கிராம், உச்சகட்டத்தில் மணிக்கு 12 கிராம். அங்கே தேவைப்பட்டது ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடைத்தான் வெளியே ஊதிவிட்டார்கள். நமக்கு எது சரக்கோ அது அங்கே கழிவு.

இப்போது எந்த நிலையில் இருக்கிறது

பொருளைப் பொறுத்து நிலைமை வேறு வேறு. வெள்ளி மின்வாயில் கார்பன் மோனாக்சைடு செய்வது ஆய்வகத்தைத் தாண்டிவிட்டது. 90 சதவீதத்துக்கு மேல் ஃபாரடே திறன் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஜெர்மனியின் மார்ல் நகரில் சீமென்ஸும் எவோனிக்கும் சேர்ந்து 2020இல் தொடங்கிய சோதனை ஆலையில், இப்படி எடுத்த கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகக் கொடுத்து பியூட்டனால், ஹெக்சனால் போன்ற ஆல்கஹால்களைச் செய்தார்கள். கடினமான, நீளமான சங்கிலியைக் கட்டும் வேலையை உயிரிகளிடம் விட்டுவிடும் யோசனை. அமெரிக்காவில் ட்வெல்வ் என்ற நிறுவனம் கார்பன் மோனாக்சைடிலிருந்து விமான எரிபொருள் வரை போகும் பாதையைப் பிடித்திருக்கிறது. விமானத்தைப் பேட்டரியில் நெடுந்தூரம் பறக்கவைப்பது சிரமம் என்பதால், எரித்ததும் மறுபடி காற்றில்தான் கலக்கும் என்றாலும், அங்கே இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஃபார்மிக் அமிலமும் கிட்டத்தட்ட தயார்தான். தோல் பதனிடவும் ரப்பர் பாலை உறையவைக்கவும் அது பயன்படுகிறது, ஆனால் சந்தை சிறியது.

எத்திலீன்தான் இன்னும் தூரத்தில் இருக்கிறது. அளவை யோசித்தால் ஏன் என்று புரியும். உலகின் 15 கோடி டன் எத்திலீனையும் இந்த வழியில் செய்வதாக வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 34 யூனிட் என்ற தாராளமான கணக்கிலேயே ஐந்து லட்சம் கோடி யூனிட்டுக்கு மேல் வேண்டும். உலகம் இப்போது ஓராண்டில் உற்பத்தி செய்யும் மின்சாரம் முழுவதும் சேர்ந்தே சுமார் 30 லட்சம் கோடி யூனிட். ஆறில் ஒரு பங்கை ஒரே ஒரு வேதிப்பொருளுக்குக் கொடுத்து, பதிலுக்கு உள்ளே இழுப்பது 47 கோடி டன் கரியமில வாயு. எரிபொருள் எரிப்பதால் மட்டும் ஆண்டுக்கு வெளியேறுவது 3,700 கோடி டன் போல.

ஆயுள் பிரச்சினை இன்னொன்று. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் கலங்கள் பல பத்தாயிரம் மணி நேரம் ஓடுகின்றன. கரியமில வாயுக் கலங்களில், அதிலும் செம்பு வைத்த கலங்களில், சில நூறு மணி நேரம் ஒரே திறனோடு ஓடினாலே ஆய்விதழில் இடம் கிடைக்கிறது. செம்புத் துகள்கள் வேலை செய்யும்போதே உருவம் மாறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. புகையில் வரும் கந்தக டை ஆக்சைடு வினையூக்கியைக் கெடுக்கும். மிச்சம் மீதி ஆக்சிஜன் கலந்திருந்தால் அது கரியமில வாயுவுக்கு முன்னால் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சிலிண்டரிலிருந்து வரும் சுத்தமான வாயுவில் கிடைத்த எண்ணை, புகைபோக்கியிலிருந்து வரும் வாயுவில் எதிர்பார்க்கக் கூடாது. அடுத்த முறை இப்படி ஒரு சாதனைச் செய்தி கண்ணில் பட்டால், எத்தனை சதவீதம் என்பதோடு, எத்தனை வோல்ட்டில், எத்தனை மில்லி ஆம்பியரில், எத்தனை மணி நேரம், எந்த வாயுவை வைத்து என்பதையும் தேடிப் பாருங்கள். ஒரு வருஷம் நிற்காமல் ஓடுவது என்றால் 8,760 மணி நேரம்.